ஓகே: சம்மதம் உண்டு, பாராட்டு இல்லை

ஆங்கிலம் பேச வராது என்று ஒதுங்குகிறவர்கூடக் கூச்சமே இல்லாமல் சொல்லும் ஆங்கிலச் சொல் 'ஓகே'. பேங்க்கில் லோன் ஓகே ஆகிறது. பெண் வீட்டில் ஓகே சொல்கிறார்கள். படப்பிடிப்பில் டேக் ஓகே ஆகிறது. 2012-ல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யை 'ஓகே ஓகே' என்று சுருக்கினோம். 2015-ல் 'ஓ காதல் கண்மணி'யும் 'ஓகே கண்மணி' ஆனது.

இவ்வளவு தெரிந்த சொல்லுக்குத் தனி அத்தியாயம் எதற்கு? தெரிந்த சொல் என்பதுதான் காரணம். கடினமான ஆங்கிலச் சொல்லை எழுதும் முன் அகராதியைப் புரட்டுகிறோம். 'ஓகே' எழுதும் முன் யாரும் எதையும் புரட்டுவதில்லை. தமிழுக்குள் வந்து நம்மோடு புழங்கியதில் அந்தச் சொல் சில புதுப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பொருள்களோடு அதை மறுபடி ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால், கேட்கிறவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசுகிறவர்களும், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களும், முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மையப் பொருளை முதலில் பிடித்துக்கொள்வோம். 'ஓகே' என்றால் தடை இல்லை, கெட்டுப்போகவில்லை, மேலே நடக்கலாம். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது, பிடித்திருக்கிறது, மகிழ்ச்சி என்பதெல்லாம் அதற்குள் கிடையாது. ஆலன் மெட்காஃப் என்ற அமெரிக்க மொழியறிஞர் இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் 2010-ல் ஒரு நூல் எழுதினார். மதிப்பெண் போடாமல் ஆமோதிக்கும் சொல் இது என்பது அவருடைய கணிப்பு. ஆமோதிப்பு இருக்கும், மதிப்பீடு இருக்காது. கீழே வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பிழையில் பிறந்த சொல்

1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' என்ற அமெரிக்க நாளிதழில் இது முதன்முதலாக அச்சேறியது. அப்போது பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அந்தப் பிழையைச் சுருக்குவது அதிலும் பெரிய வேடிக்கை. 'ஆல் கரெக்ட்' என்பதைப் படிப்பறிவில்லாதவர் எழுதுவதுபோல் 'ஓல் கொரெக்ட்' என்று எழுதினார்கள். சுருக்கினால் ஓ, கே. எல்லாம் சரி என்பதையே பிழையாக எழுதுவதில்தான் சிரிப்பு. 'ஆல் ரைட்' என்பதையும் இதே பாணியில் கெடுத்து ஓ, டபிள்யூ என்று சுருக்கினார்கள். அது சீக்கிரமே வழக்கொழிந்து போயிற்று.

'ஓகே' பிழைத்ததற்கு அடுத்த ஆண்டு வந்த தேர்தல் உதவியது. அதிபராக இருந்து மறுபடி போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊரைச் சேர்ந்தவர். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அவருக்கு ஒரு செல்லப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே என்று அமைந்துவிட, ஆதரவாளர்கள் ஓகே கிளப் தொடங்கி ஊர் ஊராகக் கத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவு கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். 1840 தேர்தலில் வான் பியூரன் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றுப்போனார். ஆனால் அதற்குள் சொல் நாடு முழுக்கப் பரவியிருந்தது.

இதையெல்லாம் பழைய நாளிதழ்களைத் தோண்டி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964-ல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளுக்கு முன்பு ஆளுக்கொரு கதை இருந்தது. சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்றார்கள் சிலர். அதிபர் உட்ரோ வில்சன் இதை நம்பி அந்தச் சொல்லை அதற்கேற்ற எழுத்துகளில்தான் எழுதுவார். கிரேக்கம் என்றார்கள், ஸ்காட்லாந்து என்றார்கள். போரில் 'ஜீரோ கில்டு' என்று பலகை எழுதியதிலிருந்து வந்ததாக ஒரு கதை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. வந்தால் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

தமிழில் வைத்துப் பாருங்கள்

ஒரே 'ஓகே'வுக்கு இடத்துக்கு இடம் தமிழில் வேறு வேறு சொல் போடுகிறோம். சரி. ஆகட்டும். பரவாயில்லை. சுமார். போதும், வேண்டாம். அப்படியா. ஆங்கிலத்தில் 'ஓகே' வாய்க்கு வரும்போது, அந்த இடத்தில் தமிழில் பேசியிருந்தால் இவற்றுள் எதைச் சொல்லியிருப்போம் என்று ஒரு நொடி யோசியுங்கள். 'சரி', 'ஆகட்டும்' என்று வந்தால் தாராளமாகச் சொல்லலாம். மற்றவை வந்தால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

'சுமார்' என்பதிலிருந்து தொடங்கலாம். படம் எப்படி என்று கேட்டால் 'ஓகே' என்கிறோம். ஒருமுறை பார்க்கலாம் என்று அர்த்தம். ஆங்கிலத்திலும் அதே பொருள்தான். ஆனால் நாம் பணிவு கருதி இதைத் தவறான இடத்தில் பயன்படுத்திவிடுகிறோம். நேர்காணலில் 'ஹவ் இஸ் யுவர் எக்ஸெல்?' என்று கேட்கிறார்கள். கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டு எக்ஸெலிலேயே கிடந்தவர், பெருமையடித்துக்கொள்ளக் கூடாதே என்று 'இட்ஸ் ஓகே' என்கிறார். கேட்டவர் தாளில் 'சுமார்' என்று குறித்துக்கொள்கிறார். 'ஐ யூஸ் இட் எவ்ரி டே' என்றால் பெருமையும் இல்லை, நஷ்டமும் இல்லை.

விருந்து வீட்டில் இன்னும் ஆபத்து. 'ஹவ் இஸ் த ஃபுட்?' என்ற கேள்விக்கு 'ஓகே' என்பது, சமைத்தவர் முகத்துக்கு நேரே 'ஏதோ சாப்பிடலாம்' என்பதற்குச் சமம். நம் ஊரில் சாம்பார் எப்படி என்று கேட்டு மாப்பிள்ளை 'பரவாயில்லை' என்றால் மாமியார் முகம் என்ன ஆகும்? அதேதான். இதில் குரலுக்கும் வேலை உண்டு. கடைசி அசையை இழுத்துத் தாழ்த்தினால் அதிருப்தி; புருவத்தை உயர்த்திச் சட்டென்று சொன்னால் எதிர்பார்த்ததைவிட நன்று. எழுத்தில் அந்தக் குரல் இருக்காது. ஆகவே எழுதும்போது எதையும் பாராட்ட 'ஓகே'வை நம்பாதீர்கள். 'குட்', 'கிரேட்', 'வெரி நைஸ்' எல்லாம் தேய்ந்த சொற்கள்தான், ஆனாலும் அந்த இடத்தில் அவை வேலை செய்யும்.

'ஐ ஆம் ஓகே' என்றால் வேண்டாம்

வெளிநாடு போகிற நம்மவர்கள் பசியோடு திரும்பும் இடம் இது. லண்டனில் ஒரு நண்பர் வீடு. 'உட் யூ லைக் சம் மோர் ரைஸ்?' என்று கேட்கிறார்கள். நமக்கு வேண்டும். 'வேண்டும்' என்று உடனே சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்திருக்கிறோம். 'எனக்கு ஓகேதான், போடுங்கள்' என்ற எண்ணத்தில் 'ஐ ஆம் ஓகே' என்கிறோம். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடுகிறது. இங்கே 'ஐ ஆம் ஓகே' என்பதற்கு 'எனக்கு இருப்பதே போதும்' என்று பொருள். 'ஐ ஆம் குட்', 'ஐ ஆம் ஃபைன்' என்பவையும் இதே குடும்பம்தான். வேண்டுமென்றால் 'யெஸ், ப்ளீஸ்'. வேண்டாமென்றால் 'ஐ ஆம் ஓகே, தேங்க்ஸ்'. அங்கே இரண்டாம் முறை வற்புறுத்திப் பரிமாறும் வழக்கம் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் பதில்தான் கடைசிப் பதில்.

இதே சொற்களைக் கேள்வியாக்கினால் கதை மாறும். கீழே விழுந்தவரைப் பார்த்து 'ஆர் யூ ஓகே?' என்றால் அடிபட்டதா என்று விசாரிக்கிறார்கள். பிரிட்டனில் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் 'ஆர் யூ ஓகே தேர்?' என்றால் 'ஏதாவது வேண்டுமா?' என்று பொருள். உடம்பு நலமாக இருக்கிறது என்று அவரிடம் விளக்க வேண்டியதில்லை. 'ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்' போதும்.

மன்னிப்புக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லும்போது ஒரு சின்ன ஒட்டு தேவை. 'சாரி' என்றவரிடம் வெறுமனே 'ஓகே' என்றால், 'சரி, கேட்டுக்கொண்டேன். மன்னித்தேனா என்பது வேறு விஷயம்' என்பதுபோல் ஒலிக்கும். 'தட்ஸ் ஓகே' அல்லது 'இட்ஸ் ஓகே' என்றால்தான் 'பரவாயில்லை, விடுங்கள்' என்று ஆகும். முன்னால் வரும் அந்த ஒட்டு ஒரு அசைதான், ஆனால் அதை விட்டுவிடக் கூடாது.

'டு யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்வியில் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். 'டு யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?' என்றால் 'ஜன்னலைத் திறந்தால் உங்களுக்குத் தொந்தரவா?' என்று கேட்கிறார். திறக்கச் சொல்ல நினைத்து 'யெஸ்' என்றால் 'ஆமாம், தொந்தரவு' என்று ஆகிவிடும். வெறும் 'ஓகே' என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் விழிப்பார். 'நோ, கோ அஹெட்' என்று பழகுங்கள். அதே கேள்வியை நீங்கள் கேட்பதானால் 'இஸ் இட் ஓகே இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?' என்று கேளுங்கள். அதற்கு 'யெஸ்' என்றால் யெஸ்தான். இரண்டு பேருக்கும் நிம்மதி.

கேட்டதா, செய்வீர்களா?

அலுவலகத்தில் அதிகம் வம்பு இழுப்பது இந்த இடம்தான். 'கேன் யூ சென்ட் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே?' என்று மேலாளர் எழுதுகிறார். நீங்கள் 'ஓகே' என்று பதில் போடுகிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது 'பார்த்துவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன்'. அவர் எடுத்துக்கொள்வது 'வெள்ளிக்கிழமை வந்துவிடும்'. வெள்ளி மாலை இருவருமே கோபப்படுகிறார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத்துறையில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரி தீவுகளில் டெனெரீஃப் என்ற தீவு, அங்கே லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய பெரிய விமானங்கள் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டது. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் 747 விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் திரும்பி நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் 747 அதே பாதையில் அதை நோக்கி மெதுவாக ஊர்ந்து வருகிறது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை.

கேஎல்எம் துணை விமானி வானொலியில் 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்கிறார். புறப்பட்டுவிட்டோம் என்றும் கொள்ளலாம், புறப்படத் தயாராக நிற்கிறோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டாளர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு 'ஓகே' என்கிறார். ஏறக்குறைய இரண்டு நொடி இடைவெளி. பிறகு, புறப்படக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று தொடர்கிறார். சரியாக அந்த நேரத்தில் பான் ஆம் விமானியும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டு ஒலிபரப்பும் மோதி, கேஎல்எம் விமானி அறையில் கீச்சென்ற இரைச்சல் மட்டும் விழுந்தது. அதற்கு முன் தெளிவாகக் கேட்டது அந்த ஒரு 'ஓகே'. விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 583 பேர் இறந்தார்கள். இன்றுவரை விமான விபத்துகளிலேயே அதிக உயிர் குடித்தது அதுதான்.

விபத்துக்கு 'ஓகே' ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அனுமதி கிடைக்கும் முன் விமானி புறப்பட்டதும், பனியும், வானொலி மோதலும் பெரிய காரணங்கள். ஆனால் அதற்குப் பிறகு விமானத்துறை தன் பேச்சை இறுக்கிக்கொண்டது. புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் 'டேக்-ஆஃப்' என்ற சொல் வர வேண்டும். முக்கியமான கட்டளைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ரோஜர்' என்றால் 'நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுதும் கேட்டது', அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'வில்கோ' என்றால் 'கேட்டது, அப்படியே செய்வேன்'. 'அஃபர்ம்' என்றால் 'ஆம்'. நாம் 'ஓகே' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைக்கும் மூன்று பொருளுக்கு அங்கே மூன்று தனிச் சொற்கள்.

அலுவலக மேசையில் 'ரோஜர்', 'வில்கோ' என்றால் சிரிப்பார்கள். ஆனால் அவற்றின் வேலையைச் செய்யும் சாதாரண ஆங்கிலம் இருக்கிறது. பார்த்தேன் என்று மட்டும் சொல்ல 'காட் இட்' அல்லது 'ரிசீவ்டு, தேங்க்ஸ்'. பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறேன் என்றால் 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை தர்ஸ்டே'. இங்கே கிழமை முக்கியம். செய்துவிடுகிறேன் என்றால் 'வில் டூ'. திட்டம் பிடித்திருக்கிறது என்றால் 'சவுண்ட்ஸ் குட்'. நம் அலுவலகங்களில் புழங்கும் 'நோட்டட்' தவறில்லை, ஆனால் அதுவும் கேட்டதை மட்டும்தான் சொல்கிறது; செய்வேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை. சிலர் அதை நழுவுவதற்காகவே வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கம்ப்யூட்டர்கூட இந்த மயக்கத்தை அன்றாடம் நம் கண்முன் காட்டுகிறது. 'கோப்பைச் சேமிக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வருகிறது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான், 'ஓகே'. நமக்கு அது ஓகேவே இல்லை, ஆனாலும் அழுத்துகிறோம். அங்கே அதற்கு 'பார்த்துத் தொலைத்தேன்' என்று மட்டுமே அர்த்தம். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கியபோது, முதலில் அதில் 'டூ இட்', அதாவது 'செய்' என்றுதான் எழுதியிருந்தார்கள். வெளியாட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அந்த இடத்தில் தயங்கினார்கள். ஒருவர் எரிச்சலோடு, என்னை ஏன் 'டோல்ட்' என்கிறது என்று கேட்டுவிட்டார். 'டோல்ட்' என்றால் மடையன். இரண்டு சொற்களும் திரையில் நெருங்கி நின்றதில், 'இட்' என்பதன் பெரிய எழுத்து ஐ, சின்ன எழுத்து எல் போலத் தெரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'ஓகே' வைத்தார்கள்.

'ம்' கொட்டும் இடத்தில்

தமிழில் ஒருவர் பேசும்போது 'ம்', 'சரி', 'அப்புறம்' என்று கொட்டிக்கொண்டே இருப்போம். இப்போது அந்த இடத்தை 'ஓகே ஓகே' பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஓகே, ஓகே' என்றால், 'தெரியும், சீக்கிரம் முடி' என்று அவசரப்படுத்துவதுபோல் இருக்கும். இரட்டிப்பாகச் சொல்லும்போது எரிச்சல் தொனியே வந்துவிடும். அங்கே 'ம்-ஹ்ம்', 'ரைட்', 'ஐ ஸீ', 'யெஸ்' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

துக்கச் செய்தியில் இந்தப் பழக்கம் மிக மோசமாக வெளிப்படும். 'மை ஃபாதர் பாஸ்டு அவே லாஸ்ட் வீக்' என்று வாடிக்கையாளர் சொல்கிறார். வாய்ப் பழக்கத்தில் 'ஓ, ஓகே' என்று வந்துவிடுகிறது. தமிழில் 'ஓ... அப்படியா' என்று சொல்ல நினைத்ததுதான். அவர் காதில் விழுவதோ 'அப்பா இறந்ததில் தடை இல்லை'. 'ஐ ஆம் ஸோ சாரி டு ஹியர் தட்' என்ற வரியை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கால் சென்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

அதே சமயம் 'ஓகே'வுக்கு நல்ல வேலை ஒன்றும் உண்டு. ஒரு பேச்சை மூடி இன்னொன்றைத் திறக்க இதைவிட வசதியான சொல் ஆங்கிலத்தில் கிடையாது. 'ஓகே, லெட்ஸ் ஸ்டார்ட்' என்று கூட்டத்தைத் தொடங்கலாம். 'ஓகே, நெக்ஸ்ட் பாயிண்ட்' என்று நகரலாம். போனில் எதிர்முனை 'ஓகே தென்...', 'ஓகே, ஸோ...' என்று இழுத்தால், நம் 'வெச்சுடட்டுமா?'வுக்கு அவர் வழி விடுகிறார். எமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தொலைபேசி உரையாடல் எப்படி முடிகிறது என்பதை ஆராய்ந்து 1973-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது: 'குட்பை' வருவதற்கு முன்பே, இருவரும் மாறி மாறிச் சொல்லும் 'ஓகே'யில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் குறிப்பைப் பிடிக்காமல் புதிதாக ஒரு விஷயத்தைத் தொடங்கினால் எதிராளி பெருமூச்சு விடுவார்.

நம் ஊர் 'ஓகே ஆயிடுச்சு'

'லோன் ஓகே ஆயிடுச்சு' என்பதை 'மை லோன் பிகேம் ஓகே' என்று ஆக்க முடியாது. கெட்டிருந்த லோன் தேறிவிட்டது போலிருக்கும். 'மை லோன் ஹாஸ் பீன் அப்ரூவ்டு' என்பது அலுவலகத்துக்கு. 'மை லோன் கேம் த்ரூ' என்பது நண்பர்களுக்கு. 'ஓகே'வையே விட மனமில்லை என்றால் பெயர்ச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்: 'வீ காட் தி ஓகே ஃப்ரம் த பேங்க்'. வினையாகவும் வரும்: 'த மேனேஜர் ஓகேடு த பிளான்'. இரண்டும் பேச்சு நடை. விசா, பாஸ்போர்ட், சேர்க்கைக்கான கடிதம் எல்லாவற்றுக்கும் 'அப்ரூவ்டு'தான் பாதுகாப்பு.

வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'ஓகேவா?'வையும் கவனியுங்கள். 'ப்ளீஸ் சென்ட் த ஃபைல் டுடே, ஓகே?' என்று வாடிக்கையாளரிடமோ மேலதிகாரியிடமோ சொன்னால், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒலிக்கும். நாம் அதை மரியாதைக்காகச் சேர்க்கிறோம், அவர்கள் அதிகாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'இஸ் தட் ஓகே வித் யூ?' என்று முழுக் கேள்வியாகக் கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. நாள் குறிக்கும்போது 'இஸ் மண்டே ஓகே ஃபார் யூ?'. உங்களுக்குச் சம்மதம் என்றால் 'ஓகே வித் மீ', 'ஓகே பை மீ' இரண்டும் சரி.

எழுதும் முறை பற்றிச் சுருக்கமாக. இரண்டு பெரிய எழுத்துகளாக எழுதலாம். ஓ-கே-ஏ-ஒய் என்று நாலெழுத்தாகவும் எழுதலாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இரண்டெழுத்து வடிவத்தையே கேட்கிறது. நாவல்களில் நாலெழுத்து அதிகம். எதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். 'கே' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்புவது நெருங்கிய நண்பர்களுக்குள்ளேயே சண்டையில் முடிகிறது. அலுவலகத்தில் வேண்டவே வேண்டாம். ஒப்பந்தம், விண்ணப்பம், புகார்க் கடிதம் ஆகியவற்றில் 'ஓகே'வுக்கு இடமில்லை. அங்கே 'அக்செப்டபிள்', 'அக்ரீடு', 'அப்ரூவ்டு' என்று எது பொருந்துமோ அதை எழுதுங்கள்.

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டும் சைகை எல்லா ஊரிலும் ஓகே ஆகாது. பிரேசிலில் அது ஆபாசம், ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். கடலுக்கடியில் மூழ்குகிறவர்களுக்கு மட்டும் அதுதான் முறையான ஓகே; அவர்களிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் மேலே போகலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

இப்போது ஒரு வேலை. உங்கள் மின்னஞ்சலில் 'அனுப்பியவை' பெட்டியைத் திறந்து, கடந்த மாதம் நீங்கள் வெறும் 'ஓகே' என்று போட்ட பதில்களைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே எதிராளி என்ன கேட்டிருந்தார் என்று படியுங்கள். அவர் நாள் கேட்டிருந்தால் நாளை எழுதியிருக்க வேண்டும். கருத்துக் கேட்டிருந்தால் கருத்தை எழுதியிருக்க வேண்டும். அனுமதி கேட்டிருந்தால் மட்டும் அந்த 'ஓகே' இருக்கட்டும். மற்றவற்றில் இன்னும் முடியாமல் கிடக்கும் வேலை ஏதாவது இருந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் அவருக்கு ஒரு முழு வரி எழுதி அனுப்பிவிட்டு வாருங்கள்.